தலைக்காயமும் ரத்தப் பரிசோதனையும்: ஒரு சிறு வரலாறு



"சார், தலையில் பலத்த அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே சொல்லிவிடலாமாமே, உண்மையா?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நான் மருத்துவன் இல்லை, வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதனால் வரலாற்றின் வழியாகவே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர்களிடம் இதற்கு ஒரு பொதுவான அளவுகோலே இல்லை. ஒருவர் "அரை மயக்கம்" என்று எழுதுவார். அதே நோயாளியை இன்னொருவர் "ஆழ்ந்த மயக்கம்" என்று எழுதுவார். 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகாலை அசைக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். இன்று அது 3 முதல் 15 வரை போகிறது. 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுமையான காயம். உலகம் முழுவதும் இன்றும் இதுதான் வழக்கம்.

மறு ஆண்டே ஜென்னட்டும் மைக்கேல் பாண்ட் என்பவரும் இன்னொரு அளவுகோலைத் தந்தார்கள். சில மாதங்கள் கழித்து நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதை, மரணம் முதல் நல்ல தேறுதல் வரை ஐந்து படிகளாகப் பிரிப்பது அது. முன்னால் சொன்னது பின்னால் பலித்ததா என்று சரிபார்க்க இப்படி ஒன்று வேண்டுமல்லவா?

ஆனால் இரண்டு குறைகள் இருந்தன. தூக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைத்திருப்பவர் கண் திறக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், ரத்தக் கட்டைக் காட்டும். நுண்ணிய செல்களின் சேதம் முழுவதையும் காட்டாது. அதனால்தான் பார்வை ரத்தத்தின் பக்கம் திரும்பியது. மூளையின் செல் சிதைந்தால் அதற்குள் இருக்கும் புரதம் கசிந்து ரத்தத்தில் கலக்கும். அதை அளந்தால் சேதத்தை அளந்தது போல ஆகும் என்பது கணக்கு.

அந்தப் புரதங்களைக் கண்டுபிடித்தவர்கள் தலைக்காயத்தை நினைத்துத் தேடியவர்கள் அல்ல. 1965-ல் அமெரிக்காவில் பிளேக் மூர் என்பவர் மாட்டு மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். 100 சதவீதம் செறிந்த அம்மோனியம் சல்பேட் கரைசலிலும் அது கரைந்ததால் எஸ்-100 என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் லாரன்ஸ் எங் என்பவர், நரம்பு நோயால் இறந்தவர்களின் மூளைத் தழும்புகளிலிருந்து ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். நரம்பு செல்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவ செல்களில் இருப்பது அது.

எஸ்-100-ன் ஒரு வகைதான் முதலில் நம்பிக்கை தந்தது. பிறகு சிக்கல் தெரிந்தது. அது கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. தலையில் அடியே படாமல் எலும்பு முறிந்து வந்தவருக்கும் ரத்தத்தில் அளவு கூடியது. இன்னொரு மூளை நொதி சிவப்பணுக்களிலும் இருப்பதால், எடுத்த ரத்தம் குழாயில் சிதைந்தாலே எண் ஏறிவிடும்.

அடுத்து வந்தவை ஜி.எஃப்.ஏ.பி.யும் யு.சி.எச்.-எல்1 என்ற புரதமும். 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இவற்றை அளக்கும் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். லேசான காயத்தோடு வருபவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்யத்தான் அந்த அனுமதி. பிழைப்பாரா என்று ஜோசியம் சொல்ல அல்ல.

எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா என்பதை 2022-ல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள், 1,696 நோயாளிகள். அடிபட்ட அன்றே எடுத்த ரத்தத்தை வைத்து, ஆறு மாதத்துக்குள் யார் இறப்பார்கள், யார் மோசமான நிலையில் இருப்பார்கள் என்பதை இந்தப் புரதங்கள் நன்றாகவே கணித்தன. ஆனால் பிழைத்தவர்களில் யார் முழுமையாகத் தேறுவார், யாருக்குக் குறை மிஞ்சும் என்பதை அவற்றால் சரியாகச் சொல்ல முடியவில்லை. குடும்பம் கேட்கும் பெரிய கேள்வியே அதுதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2011-ல் கனடாவின் ஆறு மருத்துவமனைகளில் கடுமையான தலைக்காயம் பட்ட 720 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொண்ட பிறகு இறந்தவர்கள். அதில் ஏறக்குறைய பாதி, முதல் மூன்று நாட்களுக்குள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இறப்பு விகிதம் மிகவும் வேறுபட்டது.

காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு பையனைப் பொதுத்தேர்வு எழுதவிடாமல் நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, அவன் தேறவில்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எண்ணை நம்பி சிகிச்சையை நிறுத்தினால் அந்த எண் பலித்ததாகவே பதிவாகும். அடுத்த நோயாளிக்கு அதுவே ஆதாரமாகும்.

பொறுத்திருந்தால் என்ன ஆகும்? 2021-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கடுமையான காயம் பட்டவர்களில் இரண்டு வாரத்தில் நல்ல நிலையில் இருந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான். ஓராண்டில் அது 52 சதவீதம் ஆனது. இரண்டு வாரம் ஆகியும் தன்னுணர்வே திரும்பாத 79 பேரில் 62 பேருக்கு ஓராண்டுக்குள் உணர்வு திரும்பியது. எல்லோரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படும். அதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே மாணவருக்கு என் பதில் இதுதான். ரத்தம் ஓரளவு உண்மை சொல்லும். ஆனால் அது ஆயிரம் பேரைப் பற்றிய உண்மை. உங்கள் வீட்டு ஒருவரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. 2025-ல் அறிஞர்கள் வெளியிட்ட புதிய முறையும், நோயாளியின் நிலை, ரத்தம், ஸ்கேன், வயது போன்ற பின்னணி எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம். வந்தால், ஐ.சி.யூ. வாசலில் மருத்துவரிடம் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். இந்த எண் அடிபட்டு எத்தனை மணி நேரத்தில் எடுத்தது? வேறு எந்த அறிகுறிகள் இதோடு ஒத்துப்போகின்றன? இன்னும் சில நாள் பொறுத்துப் பார்த்தால் தெளிவு கூடுமா? நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவம் படித்த என் மாணவர்கள் கமெண்டில் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மற்றவர்கள் பைக் எடுக்கும்போது ஹெல்மெட் போடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.