உமாமிச் சுவையும் மூளையின் ஏற்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்களையை முன்வைத்து ஓர் ஆய்வு

1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதற்கு முன்னும் பின்னுமாகக் கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்த தமிழர், புளியும் மல்லியும் மிளகும் கூட்டிக் குழம்பு வைக்கும் பூர்விகப் பழக்கத்தைக் கைவிடாமலே, மலாய்க்காரரின் இறால் விழுதான பெலாச்சானையும் சீனரின் சோயாச் சாறான கிச்சாப்பையும் காலப்போக்கில் தம் அடுக்களைக்குள் ஏற்றுக்கொண்டனர். இக்கான் பிலிஸ் என்ற பெயரில் இங்கும் தாராளமாய்க் கிடைத்த நெத்திலிக் கருவாடோ அவர்களுக்குப் பழைய உறவு. இம்மூன்று பதார்த்தங்களும் தோற்றத்திலும் மணத்திலும் வேறுபட்டவை. ஆயினும் புளிக்கவைத்தலாலோ உலர்த்தலாலோ குளூட்டமேட்டோ அதற்குத் துணையான நியூக்ளியோடைடுகளோ திரண்டு நிற்கும் தன்மையால் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவை தரும் ருசியை மேலைநாட்டு விஞ்ஞானம் ஒரு தனிச் சுவையாக அங்கீகரிக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

குளூட்டாமிக் அமிலத்தை 1866இலேயே ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரிட்ஹவுசன் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்திருந்தார். எனினும் அதற்கும் நாவுக்குமுள்ள சம்பந்தத்தை வெளிப்படுத்திய பெருமை, டோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலைப் பேராசிரியர் கிக்குனே இக்கேடாவையே சாரும். கொம்பு என்னும் கடற்பாசியைக் காய்ச்சிய ரசத்திலிருந்து 1908இல் அவ்வமிலத்தைப் பிரித்தெடுத்த அவர், அதன் உப்பு தரும் சுவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்னும் நான்கிலும் அடங்காதது என்று கண்டு, அதற்கு உமாமி எனப் பெயரிட்டார். மறு ஆண்டே சுசுக்கி சபுரோசுகே அதனை அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இக்கேடாவின் சீடர் ஷின்டாரோ கொடாமா 1913இல் உலர்ந்த சூரை வகை மீனில் இனோசினேட் என்னும் நியூக்ளியோடைடைக் கண்டார். 1957இல் அகிரா குனினாகா குவானிலேட் என்னும் மற்றொரு நியூக்ளியோடைடின் சுவையை அறிந்ததோடு, குளூட்டமேட்டும் நியூக்ளியோடைடும் ஒன்றுசேருங்கால் ருசி கூட்டற்கணக்கை மீறிப் பன்மடங்காகப் பெருகுகிறது என்பதையும் நிரூபித்தார். பழுத்த தக்காளியில் குளூட்டமேட் உண்டு. நெத்திலியில் இனோசினேட் உண்டு. தக்காளியை வதக்கி நெத்திலிக் கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைத்த தோட்டத்துப் பெண்மணி, ரசாயனத்தின் துணையின்றியே அந்தச் சம்யோகத்தை நாள்தோறும் நிகழ்த்திவந்தாள் என்பதை நாம் மரியாதையோடு குறித்தல் வேண்டும்.

இதற்கிடையில் அஜினோமோட்டோ என்னும் அந்த வெள்ளைத் துகள் கோலாலம்பூருக்கே வந்தது. 1961இல் மலாயாவில் பதிவான அஜினோமோட்டோ நிறுவனம் கூச்சாய் லாமாவில் ஆலை அமைத்து 1965 முதல் உற்பத்தியில் இறங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1968இல், அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் சீன உணவகங்களில் உண்டபின் தோன்றும் உபாதைகளைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய கடிதம் அத்துகளின் மீது உலகெங்கும் அச்சத்தை விதைத்தது. 1969இல் ஆய்வாளர் ஜான் ஓல்னி, புதிதாய்ப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்குப் பெரும் அளவில் குளூட்டமேட்டை ஊசிமூலம் செலுத்தி மூளைச் சேதத்தைக் காட்டியதும் அவ்வச்சம் வலுத்தது. ஆனால் உணவின் வழியே வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடற்சுவரே எரிபொருளாகப் பயன்படுத்திவிடுகிறது; எஞ்சியதையும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு எளிதில் உட்புகவிடுவதில்லை. தாய்ப்பாலிலுள்ள தனி அமினோ அமிலங்களில் மிகுதியானதும் குளூட்டமேட்டே. ஆகவே உண்ட பொருள் மூளையைத் தாக்குகிறதா என்ற கேள்வியைவிட, நாவில் பட்ட சுவையை மூளை எவ்வாறு இன்பமாக மாற்றுகிறது என்ற கேள்வியே ஆராய்ச்சிக்கு அதிகப் பயன் தருவது என்பது என் அபிப்பிராயம்.

அக்கேள்விக்கு அஸ்திவாரம் 2000ஆம் ஆண்டையொட்டி இடப்பட்டது. அவ்வாண்டில் சௌதரி, ரோப்பர் முதலியோர் குளூட்டமேட்டுக்கு வினைபுரியும் ஏற்பியொன்றைச் சுவை உயிரணுக்களில் கண்டனர். 2002இல் ஸூக்கர், ரீபா ஆகியோரின் குழுவினர் டி1ஆர்1, டி1ஆர்3 என்னும் இரண்டும் இணைந்த ஏற்பியை விவரித்தனர். இக்கேடாவின் மூலக் கட்டுரை ஆங்கிலத்தில் பகுதியளவில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்ததும் அதே 2002இல்தான். நாவிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத்தண்டு, தலாமஸ் ஆகியவற்றைக் கடந்து இன்சுலா என்னும் மடிப்பை அடைகிறது. அது இன்ன சுவை, இவ்வளவு செறிவு என்பது அங்கே பதிவாகிறது. விருப்பமோ, அதற்கடுத்து, கண்குழிக்கு மேலமைந்த முன்மூளைப் புறணியில் உருவாகிறது. பசித்த குரங்கின் அப்புறணி ருசிக்கு உற்சாகமாக எழுந்து, வயிறு நிறைந்தபின் அதே ருசிக்கு அடங்கிவிடுவதும், இன்சுலா மட்டும் மாறாது பதிவைத் தொடர்வதும் பரிசோதனைகளில் காணப்பட்டவை.

மனித மூளையைப் பொறுத்தவரை, ஆக்ஸ்போர்டில் எட்மண்ட் ரோல்ஸும் அவருடைய சகாக்களும் காந்த அதிர்வுப் படப்பிடிப்பால் செய்த மூன்று ஆராய்ச்சிகள் தனிக் கவனத்துக்குரியவை. 2003இல், குளூட்டமேட்டும் இனோசினேட்டும் கலந்த திரவத்துக்கு முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி, இரண்டையும் தனித்தனியே தந்தபோது காட்டியதைவிட மிகுந்த கிளர்ச்சியைக் காட்டியது. 2007இல் வெளியானது இன்னும் ஆழமானது: தனியே நாவில் வைத்த குளூட்டமேட் இன்பம் பயக்கவில்லை, காய்கறி வாசனையும் தனியே அவ்வளவாக ரசிக்கப்படவில்லை, இரண்டும் சேர்ந்தபோதோ, கூட்டுத்தொகையை விஞ்சிய ஒரு பதில் அப்புறணியில் எழுந்தது. 2008இல், அதே உமாமித் திரவத்தைச் செறிவும் ருசியும் மிக்கது என்ற குறிப்போடு தந்தால் ஒருவகையாகவும், வெறும் ரசாயனப் பெயரோடு தந்தால் வேறுவகையாகவும் மூளை ஏற்பது தெரியவந்தது. நாற்பதாண்டு அச்சத்தின் பாரம் எங்கே உறைகிறது என்பதை இதனால் ஓரளவு ஊகிக்கலாம்.

இம்முடிவுகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஒரு பணியைச் சுட்டுகின்றன. மணத்தோடு ருசியை இணைக்கும் பழக்கம், அப்புறணி அனுபவத்தால் கற்றுக்கொள்ளும் வித்தை. ஆக்ஸ்போர்டில் எடுத்த காய்கறி வாசனை அந்நாட்டாருக்கு உரியது. வறுத்த பெலாச்சானின் நாற்றத்தைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்த பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கும், அதை இன்றுதான் முதன்முதலாக முகர்பவருக்கும் மூளையின் பதில் ஒன்றாயிராது என்றே நான் கருதுகிறேன். பந்தாயில், பிரிக்பீல்ட்ஸுக்குச் சமீபமாகவே அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள், மூவின மக்களின் அடுக்களை மணங்களையும் அவற்றின் சுவைகளையும் சேர்த்தும் பிரித்தும் அளந்து பார்ப்பார்களாயின், குழம்புக்குள் பெலாச்சான் இடம்பெற்ற சரித்திரத்துக்கு உடலியங்கியலின் சாட்சியமும் கிடைக்கக்கூடும்.