டீசல் காரும் அப்பா சொன்ன கியரும்

அப்பா அம்பாசடர் டீசல் ஓட்டினவர். "டீசலுக்கு இழுவை கீழேயே இருக்கும், சட்டுன்னு மேல் கியர் போட்டுரு"ன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தப்பில்லை மக்களே. 1980-இல் வந்த அந்த 1489 சிசி இஞ்சினில் டர்போ கிடையாது. மெதுவா உருட்டினாலும் முக்கிக்கிட்டே இழுக்கும். முறுக்கினா சத்தம்தான் மிச்சம்.

2007-இல் ஸ்விஃப்ட் டீசல் வந்தப்போ கதை மாறிடுச்சு. உள்ளே இருந்தது 2003-இல் ஃபியட் கொண்டுவந்த 1.3 மல்டிஜெட். 1248 சிசி, 75 குதிரைசக்தி. 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 2000 ஆர்பிஎம்மில்தான் முழுசா. அதுக்குக் கீழே டர்போவைச் சுழற்ற எக்ஸாஸ்ட் புகை பத்தாது. காத்து இல்லாம சின்ன இஞ்சின் திணறும்.

இது புரியறதுக்கு முன்னாடி, செஞ்சி ரோட்டில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணப் போனேன். அப்பா பாடம் ஞாபகம்! பாதியிலேயே மூணிலிருந்து நாலு. முள் 1500-க்கு இறங்கிடுச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி யோசிக்குது. எதிரே பஸ். பிரேக் போட்டு லாரிக்குப் பின்னாலேயே வந்து ஒளிஞ்சேன். தப்பு வண்டி மேல இல்லை, என் மேல. பக்கத்து சீட்டில் அப்பா ஒண்ணும் சொல்லலை.

கியர் மாத்தின பிறகு முள் எங்கே விழுதுன்னுதான் பாக்கணும். சும்மா போறப்போ 2200, 2500 போதும். ஓவர்டேக்னா 3000 தாண்டி 3500 வரைக்கும் மூணாவதிலேயே இழுக்கணும், அப்போதான் நாலாவதிலும் 2000-க்கு மேல நிக்கும். 4000-க்கு மேல முறுக்கறது வீண்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததோட மாருதி டீசலையே விட்டுட்டாங்க. நான் விடலை. இப்பவும் மூணாவதில் 3000 தொட்டா பக்கத்திலிருந்து குரல் வரும்: "இன்னும் மாத்தலையா?"