தலைமுடி தானம்: வெட்டிக் கொடுத்த ஜடை எங்கே போகிறது?

தலைமுடியைத் தானமாகக் கொடுத்தால் அது உண்மையிலேயே யாருக்காவது உதவுகிறதா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. முடி கொடுப்பது என்றாலே நமக்குப் பழனியும் திருப்பதியும்தான் ஞாபகம் வரும். அது வேண்டுதல். இங்கே பார்க்கப் போவது, ஏதோ ஒரு பொதுக்காரியத்துக்காக ஊர் கூடிக் கொடுத்த முடியைப் பற்றி. (திருப்பதியும் நடுவில் வரும், கொஞ்சம் பொறுங்கள்!)

முதலில் ஜப்பான். கியோட்டோ நகரில் ஹிகாஷி ஹொங்கான்ஜி என்று ஒரு பெரிய பௌத்த ஆலயம். 1864ல் தீயில் எரிந்து போனது. 1880ல் ஆரம்பித்து 1895 வரை அதைத் திரும்பக் கட்டினார்கள். பிரம்மாண்டமான மர உத்தரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறுகள் அறுந்து விழுந்தன என்று சொல்லப்படுகிறது. நாடெங்கும் இருந்த பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டி அனுப்பினார்கள். அதை நாரோடு சேர்த்து முறுக்கிக் கயிறு திரித்தார்கள். மொத்தம் 53 கயிறுகள். அதில் மிக நீளமானது 110 மீட்டர் என்றால் பாருங்களேன்!

தேவைப்பட்டது வலுவான கயிறு. கொடுத்த முடி கயிறானது, உத்தரம் மேலே ஏறியது. கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தாரோ அதுவே நடந்தது. நம் காலத்து முடி தானத்தில் இப்படி நேராக நடப்பது அபூர்வம்.

நம் காலத்துக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. மடோனா காஃப்மன் என்பவர் ஃபுளோரிடாவில் நர்ஸாக வேலை பார்த்தவர். இளம் வயதில் அவருக்கே புழுவெட்டு வந்து முடி கொட்டியது. பல வருடம் கழித்து அவருடைய நான்கு வயது மகளுக்கும் அதே நோய் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த முடியின் வேரையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தைக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1997ல் காஃப்மன் 'லாக்ஸ் ஆஃப் லவ்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். குறைந்தது பத்து அங்குல நீளமுள்ள ஜடைகளை வாங்கி, முடியிழந்த ஏழைக் குழந்தைகளுக்கு விக் செய்து கொடுப்பது திட்டம்.

கூட்டம் கூட்டமாக ஜடைகள் வந்து குவிந்தன. பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் சலூன்களிலும் முடிவெட்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தொலைக்காட்சி காட்டியது. ஒரு சின்னப் பெண் இரண்டு வருடம் வளர்த்த கூந்தலை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற புகைப்படம் அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வாடிக்கையாகிப் போனது.

இதில் முதல் சிக்கல் என்னவென்றால், கொடுத்தவர்களில் ஏராளமானோர் இது புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் போகிறது என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். விக் வாங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் புழுவெட்டால் நிரந்தரமாக முடி இழந்தவர்கள். கீமோதெரபியில் கொட்டுகிற முடி சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புழுவெட்டு முற்றியவர்களுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே அந்தத் தேர்வில் தப்பில்லை. அமைப்பும் அதை மறைக்கவில்லை. ஆனாலும் 'கேன்சர் குழந்தைக்கு' என்ற சொல்லுக்கு இருந்த இழுப்பு 'புழுவெட்டு வந்த குழந்தைக்கு' என்பதற்கு இல்லை. ஊர் வாய் தனக்குப் பிடித்ததையே சொல்லிக் கொண்டிருந்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. 2007 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' இந்த ஜடைகள் எங்கே போகின்றன என்று விசாரித்து எழுதியது. லாக்ஸ் ஆஃப் லவ்வுக்கு வந்த முடியில் 80 சதவீதம் வரை விக் செய்ய உதவாது! சிலது நரைத்த முடி, சிலது நீளம் போதாது, சிலது சாயமும் ரசாயனமும் பட்டுப் பட்டுப் பாழானது, சிலது ஈரத்தோடு உறையில் போட்டு அனுப்பியதால் பூஞ்சை பிடித்தது. பத்து வருடத்தில் அந்த அமைப்பு உதவியது சுமார் 2,000 பேருக்கு. விக்குக்கு ஆகாத குட்டை முடியை விற்று அந்தப் பணத்தைச் செலவுக்கு எடுத்துக் கொண்டார்கள். இதுவும் ஒளித்துச் செய்ததில்லை. ஆனால் ஜடை கொடுத்த பெண்ணுக்குத் தன் முடி கடைச்சரக்காகலாம் என்று யார் சொன்னார்கள்?

2013ல் தர்ம நிறுவனங்களை ஆராய்கிற ஓர் அமெரிக்கக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. வருடத்துக்கு 1,04,000 ஜடைகள். ஐந்தில் நான்கை ஒதுக்கினாலும் மிச்சம் 20,800. விக்குக்குப் பத்து என்று வைத்தால் 2,080 விக்குகள் வந்திருக்க வேண்டும். ஆனால் 2011ல் கொடுத்தது முந்நூற்றுச் சொச்சம்தான். மீதி எங்கே என்று அந்தக் குழு கேட்டது. சந்தைவிலையில் வருடத்துக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள முடிக்குக் கணக்கில்லை என்றது. கணக்குப் போட்ட முறையே தவறு, வந்ததில் பெரும்பகுதி எதற்கும் ஆகாத முடி என்று அமைப்பின் தரப்பு பதில் சொன்னது. இதில் திருட்டு என்று சொல்ல ஆதாரம் கிடையாது. பதிவேடு போதாது என்பது மட்டும் தெரிந்தது.

சரி, இவ்வளவு முடி வந்தும் ஏன் இவ்வளவு குறைவாக விக்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நல்ல விக்கில் ஒவ்வொரு முடியையும் நுனி வளைந்த ஊசியால் வலைத்துணியில் கோத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு விக்குக்குப் பல்லாயிரக்கணக்கான முடிச்சுகள், பல நாள் வேலை. வேரும் நுனியும் எல்லா முடிக்கும் ஒரே பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடித்துவிடும். முடியை மடித்து முடிவதால் கொடுத்த நீளத்திலும் கொஞ்சம் போய்விடும். முழு வழுக்கையான குழந்தைக்கு என்றால் தலையை அச்செடுத்து, காற்றில்லாமல் தோலோடு ஒட்டி நிற்கும்படி செய்ய வேண்டும். யாராவது பிடித்து இழுத்தாலும் கழன்று வரக்கூடாது அல்லவா! இப்படிப்பட்ட ஒன்றின் கடைவிலை 3,500 முதல் 6,000 டாலர் வரை என்று அந்த அமைப்பே சொன்னது. அதில் முடியின் பங்கு சொற்பம். காசு முழுக்கக் கைவேலைக்கு.

இப்போது திருப்பதிக்கு வருவோம். திருமலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் மொட்டை போடுகிறார்கள். அந்த முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. 2011ல் இருந்து இணையம் வழியாக ஏலம் நடந்தது. 2010களில் இதில் மட்டும் வருட வருமானம் நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. நீளமான, சாயம் படாத, வேர் நுனி மாறாத முடி. விக் தொழிலுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. இது போதாதென்று சீப்பில் வருகிற சிக்குமுடியைத் தெருத்தெருவாக வந்து பாத்திரத்துக்கும் பலூனுக்கும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அதாவது உலகத்தில் முடிக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் ஒரு ஏழைக் குழந்தைக்கு விக் கிடைக்காததற்குக் காரணம் முடி இல்லாதது அல்ல, அதைச் செய்ய ஆகும் கூலியைக் கொடுக்க ஆளில்லாதது. ஜடையை அனுப்பியவர்கள் தட்டுப்பாடில்லாத பொருளையே அனுப்பிக் கொண்டிருந்தார்கள்.

பெரிய கம்பெனி கையில் எடுத்தால் நிலைமை மாறுமா? 2006ல் பான்டீன் ஷாம்பு கம்பெனி 'பியூட்டிஃபுல் லெங்த்ஸ்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. செய்த விக்குகள் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வழியாகப் பெண்களுக்கு இலவசமாகப் போயின. கூலிக்குக் கம்பெனிப் பணம் இருந்ததால் பல ஆயிரம் விக்குகள் வந்தன. விளம்பரமும் கிடைத்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2018ல் திட்டத்தை நிறுத்தினார்கள். காரணம்? செயற்கை இழை விக்குகள் லேசாகவும் பராமரிக்கச் சுலபமாகவும் ஆகிவிட்டன, நோயாளிகள் அவற்றையே விரும்புகிறார்கள் என்றார்கள்.

தேவை என்ன என்று கேட்காமல் முடியைக் குவித்ததற்கு இன்னொரு பெரிய உதாரணம் கடலில் நடந்தது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. மீனவர்கள் பிழைப்பு போயிற்று. முடி எண்ணெயை உறிஞ்சும் என்பது உண்மை, நம் தலையே சாட்சி! பல நாட்டு சலூன்களில் இருந்து முடி வந்தது. நைலான் காலுறைகளில் அடைத்து உருளைகள் செய்து கிடங்குகளில் அடுக்கினார்கள். ஆனால் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அதே வருடம் பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்த சோதனையில் முடி உருளையைவிடக் கடையில் வாங்கும் உருளை அதிக எண்ணெயையும் மிகக் குறைந்த தண்ணீரையும் இழுத்திருந்தது.

அப்படியானால் தலைமுடியால் யாருக்குமே பிரயோஜனம் இல்லையா? இருக்கிறது. முடியைத் தூக்கிப் போட்டவர்களால்!

2000 மார்ச் 17, நியூயார்க்கில் ஒரு மதுக்கடை. இன்சூரன்ஸ் துறையில் இருந்த மூன்று நண்பர்கள் ஒரு பந்தயம் போல ஆரம்பித்தார்கள். 17 பேர் மொட்டை போட்டு, அதற்காகத் தெரிந்தவர்களிடம் 17,000 டாலர் வசூலித்துக் குழந்தைப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. வந்து சேர்ந்ததோ 1,04,000 டாலர். அதுவே 'செயின்ட் பால்ட்ரிக்ஸ்' என்ற பெரிய நிதியமாக வளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1998லேயே ரத்தப் புற்றுநோய்க்காக இதுபோல ஒன்று தொடங்கியிருந்தது. பணம் ஆராய்ச்சிக்குப் போனது. நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க்கு டைனுடக்ஸிமாப் என்ற மருந்து 2015ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2010ல் வெளியான ஆய்வில், இந்த மருந்தும் சேர்ந்த சிகிச்சை பெற்ற குழந்தைகளில் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 66 சதவீதம், பழைய சிகிச்சையில் 46. பெரும்பங்குச் செலவு அமெரிக்க அரசுடையது. மொட்டைப் பணமும் அதில் சேர்ந்தது.

சிங்கப்பூரிலும் 2003ல் இருந்து 'ஹேர் ஃபார் ஹோப்' நடக்கிறது. 2013ல் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் சிலர் இதற்காக மொட்டை போட்டுக் கொண்டார்கள். ஒழுங்கு விதிப்படி விக் வைத்துக் கொண்டுதான் வர வேண்டும் என்றது பள்ளி. முடியில்லாத தலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காட்டத்தானே மொட்டை போட்டார்கள்? நாடு முழுக்க விவாதமாகி, கடைசியில் விக் இல்லாமல் வரலாம் என்று ஆனது. அந்த விவாதம் வசூலான பணத்துக்குச் சமமான உதவி என்றே சொல்லலாம்.

இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு. 2006ல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில், புற்றுநோயில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொடங்கிய 'லிட்டில் பிரின்சஸ் டிரஸ்ட்' ஜடையோடு பணமும் திரட்டச் சொல்லிக் கேட்கிறது. ஒரு விக்குக்குச் சுமார் 700 பவுண்டு ஆகிறது என்ற விவரத்தையும் கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

புழுவெட்டுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022ல் பாரிசிடினிப், 2023ல் ரிட்லெசிடினிப் என்ற மாத்திரைகள் தீவிர நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முதலாவது பெரியவர்களுக்கு, இரண்டாவது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பலருக்கு முடி திரும்ப வளர்ந்தது, எல்லோருக்கும் இல்லை. அந்த இரண்டு அனுமதியிலும் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் சேரவில்லை. காஃப்மனின் மகளுக்கு நோய் வந்தபோது வயது நான்கு.