அட்வுட்டின் கப்பியும் நான் சொன்ன தவறான விடையும்



போன வாரம் பேத்தி பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். கப்பியில் ஒரு கயிறு. ஒரு முனையில் 6 கிலோ, மறுமுனையில் 4 கிலோ. முடுக்கம் என்ன, கயிற்றின் இழுவிசை என்ன? பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்கு முன், இந்தக் கணக்கு பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

விழும் பொருளை அளப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட 5 மீட்டர் போய்விடும். அதனால் கலிலியோ சாய்ந்த பலகையில் உருண்டையை மெதுவாக உருட்டிவிட்டு, பாத்திரத்திலிருந்து வழிந்த தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணித்தார். 1638இல் வந்த அவர் நூலில் இதைக் காணலாம். 1687இல் நியூட்டனின் விதிகள் வெளிவந்தன. ஆனால் அவற்றை மாணவர்களின் கண்முன்னே காட்டுவது எப்படி?

அதற்கு வழி கண்டவர் கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய ஜார்ஜ் அட்வுட். 1784இல் வெளியிட்ட நூலில் தம் கருவியை விவரித்தார். உயரமான கம்பத்தின் உச்சியில் எளிதாகச் சுழலும் சக்கரம், அதன் மேல் ஒரு நூல், இரு முனையிலும் சம எடை. ஒரு பக்கம் மட்டும் சிறு பட்டை ஒன்றைக் கூடுதலாக வைப்பார். ஒரு பக்கம் 51 கிராம், மறுபக்கம் 49 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிராமின் எடை 100 கிராமை நகர்த்தியாக வேண்டும். முடுக்கம் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். முதல் நொடியில் 5 மீட்டருக்குப் பதில் 10 செ.மீ. மட்டுமே இறங்கும். மாணவர்கள் கடிகாரத்தின் ஒலியை எண்ணிக்கொண்டே பார்க்கலாம்.

இன்னொன்றும் செய்தார். இறங்கும் வழியில் ஒரு வளையம் வைத்தார். எடை அதன் வழியே போய்விடும். பட்டை மட்டும் வளையத்தில் தங்கிவிடும். இப்போது இரு பக்கமும் சமம். நின்றுவிடுமா? நிற்காது, ஒரே சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நியூட்டனின் முதல் விதி கண்ணுக்குத் தெரிந்தது.

இனி என் கடன். பல ஆண்டுகளுக்கு முன், நடுநிலைப் பள்ளியில் என்னிடம் படித்து மேலே போன ஒரு மாணவி இதே கணக்கோடு வீட்டுக்கு வந்தாள். நான் ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவன். தெரியாது என்று சொல்ல வெட்கம். "ஒரு பக்கம் 60 நியூட்டன், மறுபக்கம் 40. சராசரி 50" என்றேன். மறுநாள் வந்து, "சார், புத்தகத்தில் 48 என்று இருக்கிறது" என்றாள். "அச்சுப்பிழையாக இருக்கும் போம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவள் அப்புறம் சந்தேகம் கேட்டு வரவே இல்லை.

அட்வுட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் என் பிழை புரிந்தது. நான் சொன்ன 50, இரு பக்கமும் 5 கிலோ தொங்கினால் சரி. முடுக்கம் வந்துவிட்டால் கதை வேறு. ஒவ்வொரு பொருளையும் தனியே பாருங்கள். இழுவிசை 50 என்றால் 4 கிலோவின் மேல் மிஞ்சும் விசை 10, முடுக்கம் 2.5. 6 கிலோவிலும் மிஞ்சுவது 10தான். ஆனால் முடுக்கம் 1.67 ஆகிறது. நீளாத ஒரே கயிற்றில் இரண்டு முடுக்கம் எப்படி இருக்கும்? மொத்தமாகப் பார்த்தால், 20 நியூட்டன் 10 கிலோவை இழுக்கிறது; முடுக்கம் 2. அப்படியானால் இழுவிசை 40 + 8 = 48. மறுபக்கம் 60 − 12; அதுவும் 48.

அம்மா, நீ இதைப் படித்தால், புத்தகம் சரி. உன் வாத்தியார்தான் தவறு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: 5 கிலோ, 3 கிலோ. இரு பொருளையும் தனித்தனியே வரைந்து விடையை எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வாத்தியாரே தவறியிருக்கிறார்.