திறக்கும் கூரை, மூடிய பெட்டி: பழுதுபார்த்தலின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

பொருட்களின் வரலாறு என்று நமக்குப் படிக்கக் கிடைப்பதெல்லாம் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின், விற்றவர்களின் வரலாறுதான். உடைந்த பிறகு அந்தப் பொருள் என்ன ஆயிற்று, யார் அதைப் பிரித்தார்கள், பிரிக்க யாருக்கு அனுமதி இருந்தது என்பதெல்லாம் பட்டறையின் கிரீஸ் கறையோடு வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஓர் அற்பப் பொருள்: காரின் திறக்கும் கூரை, அதாவது ‘சன்ரூஃப்’. ‘வசதியுள்ளவன் தலைக்கு மேல இருக்கிற ஓட்டையைப் பத்தி நமக்கென்னய்யா?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் ஓர் அதிகார உறவு தெரிகிறது.

1901இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பையர் தொடங்கிய வெபாஸ்டோ நிறுவனம் 1930களில் கார்களுக்கு மடிப்புத் துணிக்கூரை செய்தது. ஃபோக்ஸ்வாகன் ‘வண்டு’ காரில் 1963 வரை இருந்ததும் துணிக்கூரைதான். கிழிந்தால் தைக்கத் தெரிந்த ஒருவர் போதும். 1964ஆம் ஆண்டு மாடலிலிருந்து அந்த இடத்துக்குக் கைப்பிடியால் சுழற்றித் திறக்கும் இரும்புத் தகடு வந்தது. ஹைன்ஸ் பிரெக்டர் என்ற ஜெர்மானியர் 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆரம்பித்த கம்பெனியின் தொழில், ஏற்கெனவே விற்ற கார்களின் கூரையை அறுத்துச் சன்ரூஃப் பொருத்துவது. பட்டறைக்காரன் அறுத்து உண்டாக்கிய ஒரு பொருள் பின்னால் ஆலைக்குள் போனது. போனதும் பட்டறைக்காரனுக்கே கதவைச் சாத்தியது. இந்த முரணை மனதில் வைத்துக்கொள்வோம்.

உள்ளே இருப்பது ஒன்றும் மாயமில்லை. ஒரு சிறு பல்சக்கரம். அதன் இரு பக்கமும் சுருள்கம்பி சுற்றிய இரண்டு கேபிள்கள். கைப்பிடியோ மோட்டாரோ சக்கரத்தைச் சுழற்ற, கேபிள்கள் தகட்டை இருபுறமும் தள்ளும். இரண்டும் ஒரே அளவு நகர வேண்டும். ஒரு பக்கம் பல் தாவினால் தகடு கோணிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, எந்தச் சன்ரூஃபும் முழுக்க நீர் புகாதது அல்ல. ரப்பரைத் தாண்டி வரும் கொஞ்சம் மழைநீர் உள்தட்டில் விழுந்து, மூலைகளிலுள்ள குழாய்கள் வழியே வெளியேறும்படிதான் அமைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருக்கையில் சொட்டும். ஜனங்கள் ரப்பரைத் திட்டிவிட்டுச் சிலிக்கான் பசை பூசுவார்கள், சொட்டுவது நிற்காது.

ஒரு பழைய காரில் இந்த வேலையை நானே செய்திருக்கிறேன். விற்பனை நிலையத்தில் சொன்னது: ‘இதையெல்லாம் பிரிக்க முடியாது சார், ஃபிரேமோட மொத்தமா மாத்தணும்.’ உடைந்திருந்ததோ விரல் நீளப் பிளாஸ்டிக் வழிகாட்டித் துண்டு ஒன்று. குழாய்க்குள் மெல்லிய நைலான் கயிற்றை நிதானமாக விட்டு அடைப்பை எடுத்தேன். காற்றை வேகமாக அடித்தால் தூணுக்குள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிடும். மூலைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வருகிறதா என்று பார்த்தேன். இறுகிப்போன கிரீஸைத் துடைத்து, புதுத் துண்டைப் பொருத்தி, இரு கேபிள்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தேன். அரை நாள் வேலை. ‘முடியாது’ என்ற சொல்லுக்குப் பொருள் ‘விற்கமாட்டோம்’ என்பது அப்போது விளங்கியது.

ஆல்ஃபிரட் சோன்-ரேத்தல் 1926இல் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கருவி உடைந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது என்கிறார். பழுதின்றித் தானாக ஓடுவது அந்நியமானது. தன் கைபட்டுச் சரிசெய்த பிறகே பொருள் தன்னுடையதாகிறது. உடைமை என்பதற்கு ரசீது தராத ஒரு விளக்கம் இது.

இந்த விளக்கத்தை அச்சில் ஏற்றியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் 1966இல் தொடங்கிய கையேடுகள், ஒரு காரை முழுதாகப் பிரித்து மறுபடி பூட்டிப் பார்த்து எழுதப்பட்டவை. அமெரிக்காவில் எதிர்க்கலாச்சார அலைக்குள்ளிருந்து ஜான் மூய்ர் 1969இல் ஃபோக்ஸ்வாகனுக்குக் கொண்டுவந்த கையேடு, ஒன்றும் தெரியாதவனை நோக்கியே பேசியது. ‘எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது?’ என்று பொருள்படும் தலைப்பில் கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பதிப்பகமே கார் பழுதுக் கையேடுகளை வெளியிட்டது. ஒரு டிராபண்ட் காருக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த நாட்டில் பழுதுபார்ப்பது பொழுதுபோக்கல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ‘நீயே செய்’ என்பதைக் கலகமாகக் கொண்டாடுவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. கம்பெனி செய்ய வேண்டிய வேலையை நுகர்வோன் கூலியின்றிச் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் உழைப்பு நாளாகிறது. ஹாரி பிரேவர்மன் 1974இல் காட்டியது போல, முதலாளியம் சிந்திப்பதையும் செய்வதையும் பிரித்து, சிந்தனையை நிர்வாகத்தின் கையில் வைக்கிறது. அந்தப் பிரிவினை ஆலை வாசலோடு நிற்கவில்லை என்பதே நான் சேர்க்க விரும்புவது. உறுப்புகளைத் தனியாக விற்காமல் முழுப் பெட்டியாக மட்டும் விற்கும்போது, தெருவோர மெக்கானிக்கிடமிருந்தும் சிந்திப்பது பறிக்கப்படுகிறது. அவனுக்கு மிஞ்சுவது கழற்றி மாட்டும் வேலை.

இது கற்பனைப் புகார் அல்ல. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2012இல், மாசசூசெட்ஸ் மாநில மக்கள் பழுதுபார்க்கும் உரிமைக்குப் பெருவாரியாக வாக்களித்திருந்தார்கள். இரண்டிலும் பேசப்பட்டது ‘நுகர்வோர்’, ‘போட்டி’ என்ற சந்தை மொழியில். பட்டறைப் பையனின் அறிவு, அறிவு என்ற பெயரில் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறவில்லை.

அந்த அறிவை யார் எழுதிவைப்பது? எந்தக் குழாய் எங்கே அடைக்கும், எந்தப் பல் எப்போது தாவும் என்பது அவன் விரலில் இருக்கிறது. அவன் கடையை மூடிவிட்டுப் போனால் அதுவும் போகும். உழைப்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம், ஒருநாள் ஸ்டூலைப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் என்ன?