எண்பத்து மூன்றாம் செய்யுள்

எட்மண்ட் ஸ்பென்ஸரின் 'ஃபேரி க்வீன்' காவியம், இரண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் காண்டம், 83ஆம் செய்யுள். ஒன்பதே வரிகள். தமிழில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தவன் மூன்றாவது வரியில் வருகிற 'தெய்ர்' என்ற சாதாரணச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அவற்றினுடைய என்பதா, அவர்களுடைய என்பதா? ஆங்கிலம் இதைச் சொல்லாமலே போய்விடலாம். தமிழ் விடாது. உயர்திணையா அஃறிணையா என்று தீர்த்துவிட்டுத்தான் மேலே நகர வேண்டும்.

நிதானம் என்ற குணத்தின் உருவகமான வீரன் கயான், அக்ராஸியா என்ற மாயக்காரியின் இன்பப் பொழிலுக்குள் போகிறான். சுமார் நாற்பது செய்யுள்கள் அந்தப் பொழிலை நமக்கு விரித்துக் காட்டுகின்றன. காவியத்திலேயே மிகவும் லயித்து எழுதப்பட்ட பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. பிறகு அவளை வலையில் பிடித்துக் கட்டியாயிற்று. காரியம் முடிந்தது. முடிந்த பிறகு வருகிறது இந்தச் செய்யுள். கயான் பொழிலை அழிக்கிறான்.

பொழிலின் குற்றம் அதன் போலித்தனம், இயற்கையைப்போல வேஷம் போடும் கலை அது, என்று 1936இல் ஸி. எஸ். லூயிஸ் வாதித்தார். ஆதாரம் இல்லாமல் இல்லை: தந்த வாசல், தங்கத் திராட்சை, பச்சிலைபோல் நிறமேற்றிய தங்கக் கொடி. ஆனால் அழிவின் பட்டியலைப் பாருங்கள். தோப்பு, தோட்டம், கொடிப்பந்தல், தோட்டத்துச் சிறுகுடில், விருந்து மண்டபம், கட்டிடம். தந்தமும் தங்கமும் பெயர் சொல்லி இதில் வரவே இல்லை. முதலில் விழுவது நிஜமான மரம். குற்றப்பத்திரிகையில் ஒன்று, தண்டனையில் வேறொன்று. போதாததற்கு, இடிபடும்போதே அந்த வேலைப்பாட்டைக் கவிஞர் மெச்சுகிறார். தம் வீரனின் கடுமையை இரக்கமற்றது என்கிறார். அவன் சினத்தைப் புயல் என்கிறார். ஆங்கிலத்தில் புயல் 'டெம்பெஸ்ட்', நிதானம் 'டெம்பரன்ஸ்'. இந்த ஒலி ஒற்றுமை ஸ்பென்ஸர் காதில் விழாமல் போயிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆறு முதல் எட்டு வரையான வரிகளில் ஆறு பொருள்கள், ஆறு வினைகள். ஆங்கில வழக்கத்துக்கு மாறாகச் செயப்படுபொருள் முன்னாலும் வினை பின்னாலும் நிற்கின்றன, நம் வாக்கியத்தைப்போலவே. இயைபுக்காக என்று மூன்று வினைகளுக்குச் சமாதானம் சொல்லலாம். மற்ற மூன்றும் வரியின் நடுவில் இருப்பவை. ஒவ்வொரு பொருளையும் ஒரு கணம் பார்க்கவிட்டு அப்புறம் அழிக்கிற அமைப்பு இது. தோப்பு இருக்கிறது, இல்லை. தோட்டம் இருக்கிறது, இல்லை.

இந்தப் பொழிலுக்கு மூலம் டாஸோவின் 'விடுதலை பெற்ற ஜெருசலேம்' (1581). அங்கே ஆர்மிடாவின் அரண்மனை அவள் மந்திரத்தாலேயே மேகம்போலக் கலைந்துவிடுகிறது. இடிக்க ஆள் தேவைப்படவில்லை. வெட்டுதலும் எரித்தலும் தரைமட்டமாக்குதலும் ஸ்பென்ஸர் சேர்த்தவை. அவர் சேர்த்த வினைகளில் 'ஸப்ரெஸ்' என்பது 1536க்கும் 1540க்கும் இடையில் மடாலயங்களை அரசு கலைத்தபோது சட்டத்தில் வழங்கிய சொல். தேவதைக் கதைக்குள் கச்சேரி பாஷை.

அந்த பாஷை ஸ்பென்ஸருக்குப் புதிதல்ல. 1580இல் அயர்லாந்தின் ஆளுநர் கிரே பிரபுவின் காரியதரிசியாகப் போனவர் அவர். அந்த நவம்பரில் ஸ்மெர்விக்கில் சரணடைந்த சுமார் 600 பேர் கிரேயின் உத்தரவில் கொல்லப்பட்டார்கள். மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபுவின் கலகம் அடங்கியபின் பறிமுதலான நிலத்தில் ஸ்பென்ஸருக்குக் கில்கோல்மனில் சுமார் 3,000 ஏக்கர் கிடைத்தது. இரண்டாம் புத்தகம் அச்சேறியது 1590இல். 1596 வாக்கில் எழுதி 1633இல்தான் அச்சான அயர்லாந்து பற்றிய உரைநடை நூலில், மன்ஸ்டர் பஞ்சத்தில் காட்டிலிருந்து கைகளால் ஊர்ந்து வந்த மனிதர்களை அவர் வர்ணிக்கிறார். கிரேயை நியாயப்படுத்தவும் செய்கிறார். பொழிலின் அழிவை அயர்லாந்தோடு பொருத்திக் காட்டியவர் ஸ்டீஃபன் க்ரீன்ப்ளாட் (1980). செய்யுளையே அயர்லாந்து என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. அப்படிச் சொன்னால் நாற்பது செய்யுள்களின் லயிப்பு கணக்கில் வராமல் போகிறது. 1598இல் கில்கோல்மன் வீட்டைக் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள் என்பதையும் நான் இங்கே வினைப்பயனாகக் கொண்டுவர விரும்பவில்லை.

என் சிக்கல் அதைவிடச் சின்னது. இந்த ஒன்பது வரிகளில் கயானைத் தவிர மனித உரு எதுவும் இல்லை. இருந்தால் அந்த 'தெய்ர்' என்ற சொல்லுக்குள் மட்டும்தான் இருக்க முடியும். மூன்றாவது வரியில் 'அவற்றின்' என்றே போட்டேன், வேலைப்பாடு கட்டிடத்துடையது. ஐந்தாவது வரியில் ஆனந்தம் வருகிறது. பொழிலின் ஆனந்தம் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டிடத்துக்கு ஆனந்தம் ஏது? அங்கே மாற்றினேன். ஆறாவது வரியில் விழுவது, என் பிரதியில், அவர்களுடைய தோப்பு.