லாசீன் கல்வீடு: பெயர் பெற்றவர்களும் பெயரற்றவர்களும்

கனடாவின் மொன்றியல் நகருக்குச் செல்லும் தமிழர்கள், லாசீன் பகுதியிலுள்ள லுபெர்-லுமுவான் இல்லத்தை ஒருமுறையேனும் பார்த்துவர வேண்டும். மொன்றியல் தீவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றான இக்கல்வீடு, இன்று லாசீன் நூதனசாலையாக விளங்குகின்றது. இதன் வளவிலும் அயலிலுள்ள ஆற்றங்கரைப் பூங்காக்களிலுமாகச் சுமார் 50 நவீன சிற்பங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன.

சீனாவுக்கு வழி தேடிப் புறப்பட்டு வெறுங்கையுடன் திரும்பிய லா சாலைக் கேலி செய்யவே இவ்வூருக்கு 'லா சீன்' எனப் பெயர் வந்தது என்பர். அவரது காணியில் ஒரு பகுதியை 1669ஆம் ஆண்டு வாங்கிய மைத்துனர்களான ஜாக் லுபெர், சார்ல் லுமுவான் ஆகியோரே இங்கு மென்மயிர்த் தோல் வணிகத்தை நடத்தினர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் தற்செயலானதன்று. சென். லோறன்ஸ் ஆற்றின் கடும் நீர்ச்சுழிப்பு, மேற்கிலிருந்து வரும் வள்ளங்களை இங்கேயே மறித்துவிடும். நகரச் சந்தையைச் சென்றடையுமுன்னரே தோல்கள் இவர்கள் கைக்கு வந்துவிடும்.

பீவரின் அடிமயிர் ஐரோப்பியத் தொப்பிகளுக்கான கம்பளமாயிற்று. பழங்குடி மக்கள் உடுத்து, நீண்ட மேல்மயிர் தேய்ந்துபோன தோலுக்கே கூடிய விலை கிடைத்தது. துணி, கத்தி, கேத்தல், துப்பாக்கி என்பன அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன.

வணிகம் போரையும் கொணர்ந்தது. 1689 ஓகஸ்டில் சுமார் 1500 இரோகுவா வீரர்கள் இக்குடியிருப்பைத் தாக்கியதை 'லாசீன் படுகொலை' என்று வரலாறு பதிந்துள்ளது. ஆனால், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1687இல், ஆளுநர் தெனொன்வீல் இரோகுவாக்களுள் ஒரு பிரிவினரான செனெக்காக்களின் ஊர்களையும் விளைபயிர்களையும் எரித்தார் என்பதும், பிடிபட்ட இரோகுவாக்கள் பிரான்சின் போர்க்கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டனர் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தரப்பின் துயருக்குப் பெயர் கிடைத்தது. மறுதரப்பின் துயர் அடிக்குறிப்பாயிற்று. 1701இல் மொன்றியலில் கைச்சாத்தான பெரும் சமாதான உடன்படிக்கையே அந்த நெடும்போரை முடித்து வைத்தது.

வீடு இரு வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பீவரை வேட்டையாடிய ஆண்களினதும், தோலைச் சுரண்டிப் பதப்படுத்திய பெண்களினதும் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. எனினும் அம்மக்கள் மறைந்துபோன இனத்தவர் அல்லர். ஆற்றின் மறுகரையிலுள்ள கானவாகேயில், இரோகுவாக்களுள் மற்றொரு பிரிவினரான மோஹோக் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். சிற்பங்களைப் பார்த்து முடிப்பவர்கள் அக்கரையையும் சற்று நேரம் நோக்க வேண்டும். இவ்வீட்டின் வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கின்றது.